சேனை

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள்.
நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேர் நம்புசெல்வி. மாதம் ஆறு.
கணவர் வந்தாரா என்ற கட்டத்தில்
நாலு தடவையும் சின்னக் கோடு.

"அவுகளையும் ஒருக்கா கூட்டியாங்க" என்றாள் ஜெசிந்தா,
கதவைச் சாத்தி, விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு.
விசிறி ஓடினால் பேச்சு வெளியே போகாதாம்.
எனக்கும் விசிறிதான் கேட்டது.
பிறகு மூன்று எழுத்து.
பிறகு மறுபடி விசிறி.

களஞ்சியம் கொச்சித் தொழிலுக்குப் போய்வந்தது ஐந்து வருசம்.
நான் போனது
தீவடியில் கழுத்தளவுத் தண்ணீர் வரைக்கும்.
ஆனாலும் ஊசி முதலில் ஏறியது என் கையில்.
முதலில் தெரிந்தவள்தான் கொண்டுவந்தவள்,
எங்கள் தெருவில் கணக்கு அப்படி.

சொன்னேன். ஒரு ராத்திரி, அவர் சாப்பிட்டு முடித்த பின்.
(முன்னால் சொல்லியிருந்தால் சோறு வீணாகியிருக்கும்.)
கை கழுவி, ஈரத்தை என் முந்தானையில் துடைத்தார்,
எப்போதும் போல.
"அது ஒங் காயிதம்" என்றார்.
விடிய நாலு மணிக்குப் படகு.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தவர்
காயிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை,
பாயை விரிக்கச் சொன்னார்.
ஜெசிந்தா கொடுத்த உறைகள் தலையணைக்குள் இருந்தன.
நீட்டினால், இதெல்லாம் எங்கே படித்தாய் என்பார்.
நீட்டவில்லை.

மாத்திரை ராத்திரிக்கு ஒன்று.
அரிசி டிரம் மாமியார் கையில்,
பீரோச் சாவி அவர் அரைஞாணில்.
பாசிப் பைக்குள் வைத்தேன்.
விரலில் சுற்றும் கிழிசல் துணி, ரப்பர் செருப்பு,
உப்பு நாறும் முக்குளிக் கண்ணாடி.
பொம்பளை பாசிக்குக் கொண்டுபோகும் பையை
எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் தொடமாட்டான்.
அந்தக் கேவலம் எனக்கு உதவியது.

மூச்சடக்கத் தெரிந்தவளுக்குப்
பேச்சடக்குவது பெரிதா என்றிருந்தேன்.
மூச்சை ஐம்பது எண்ணும்வரை பிடித்தால் போதும்.

ஒருநாள் மருதாயி பார்த்துவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை. துணியை விரலில் சுற்றிக்கொண்டே
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
மறுநாள் இறுக்கமான மூடி போட்ட டப்பா ஒன்று
பையில் இருந்தது. உப்பு ஏறாமலிருக்க.

பிரசவம் ராமநாதபுரத்தில்தான் என்று
ஒற்றைக்காலில் நின்றேன்.
இங்கே ஆஸ்பத்திரி இல்லையா என்றார்கள்.
கொடி சுற்றியிருக்காம் என்றேன்.
கொடி அதன் பாட்டுக்கு நேராகத்தான் கிடந்தது.

பொம்பளைப் பிள்ளை.
வாசலில் சேனைக்குச் சண்டை.
சீனித்தண்ணியில் தோய்த்த பஞ்சோடு நாத்தனார்.
வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமாம்.
ஆறு மாதம் பால் மட்டும், கூட மருந்து,
வேறெதுவும் கலந்தால்தான் ஆபத்து என்பதை
விசிறி இல்லாத அந்த வராந்தாவில்
எப்படிச் சொல்ல?

நர்சு திலகராணி
ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை அளந்து
பிள்ளையின் கடைவாயில் விட்டாள்.
முகம் சுளித்து, விழுங்கி, கத்தியது.
அவள் கதவைத் திறந்து சொன்னாள்:
"சேனை வச்சாச்சு. நாந்தான்."
நாத்தனார் ஒரு மாதம் அவளைத் திட்டினாள்.
அவள் குணமே வரட்டும் என்று
நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம்.
குதிகாலில் குத்தினார்கள்.
பிள்ளை காலை இழுக்கவில்லை, உதைத்தாள்.
அட்டையில் ஐந்து வட்டம், ஐந்து சொட்டு.
காயவைத்து எங்கோ அனுப்புவார்களாம்.
"முடிவு வந்தா கூப்பிடுவோம். இந்த நம்பர்தானே?"

அது அவர் நம்பர்.
எனக்கென்று ஒன்று கிடையாது.

"அதை அடிச்சிருங்க."
"அடிச்சிட்டு எதை எழுத?"
"ஒண்ணும் வேணாம். எந்தக் கிழமை வரட்டும், அதைச் சொல்லுங்க."

ஜெசிந்தா பேனாவை மூடி, மறுபடி திறந்தாள்.
"மூணு வாரம் கழிச்சு, வியாழன்."

பஸ்ஸுக்குப் போகவர
காய்ந்த பாசி ரெண்டு கிலோ ஆகும்.
மருதாயி தருவாள், கேட்டால்.
கேட்காவிட்டாலும்.